அடியைப் பார்த்து வாங்குங்கோ

எனக்குக் குளிரைவிட விழுவதுதான் பயம். ஸ்காபரோவில் எத்தனையோ பனிக்காலம் கழித்த பிறகும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜனவரியில் கோயிலுக்குக் கூப்பிட்டால் முழங்கால் நோவு என்பேன். கலியாண வீடென்றால் தடிமன் வந்துவிடும். உண்மையில், வாசலிலிருந்து பஸ் தரிப்பு வரைக்கும் உறைந்து கிடக்கும் நடைபாதைதான் காரணம்.

பயம் ஒன்று, பூட்ஸ் வாங்கப் போனால் கடையில் பார்த்தது வேறொன்று. 'மைனஸ் 40' என்று பெட்டியில் போட்டிருந்தால் மனம் ஆறிவிடும். அந்த எண்ணைக் கம்பனிக்குக் கம்பனி வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதோடு, அவ்வளவு கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சப்வேயிலும் கடைத்தொகுதியிலும் திரிந்தால் கால் வியர்க்கும். வெளியே வந்ததும் அந்த ஈரமே விரல்களை விறைக்க வைக்கும்.

"மச்சாள், முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கோ" என்றாள், மருத்துவமனையில் வேலை செய்யும் என் தம்பி மனைவி. ரொறன்ரோ மறுவாழ்வு மருத்துவமனையின் 'விண்டர்லாப்' ஆய்வுகூடத்தைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். அங்கே தரையே பனிக்கட்டி. இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டி ஆட்களை நடக்கவிட்டு, கால் வழுக்கும் வரை அறையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் அந்தச் சப்பாத்துக்கு மதிப்பீடாக ஒரு பனிப்பூக் குறி. 2016இல் வெளியிட்ட முதல் பட்டியலில், சோதித்த 98 வகைகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. காய்ந்த பனிக்கட்டியில் பிடிப்பது ஈரப் பனிக்கட்டியில் விட்டுவிடும். அதனால் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டிய நாளே கடுங்குளிர் நாளைவிட மோசம்.

இப்போது கடைக்குப் பின்னேரத்தில்தான் போவேன், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம். கம்பளிக் காலுறை ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். பூட்ஸைக் கவிழ்த்து அடியில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பேன். கல்லுப்போல் இருந்தால் வேண்டாம். பனிக்கட்டிக்கென்றே செய்த அடியில் சில இடங்கள் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். அடுத்தது நாக்கு: இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்ச் மாதத்தில் தெருவோரம் தேங்கும் சேற்றுப்பனி அந்த வழியாகத்தான் உள்ளே வரும். பக்கவாட்டு சிப் அழகுதான், ஆனால் அதற்குப் பின்னால் தடுப்புத் துணி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளுறை கழற்றக்கூடியதென்றால் இரவில் உருவிக் காயவைக்கலாம்.

விரல்கள் உள்ளே அசைய வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போட்டால் சூடு கூடாது, குறையும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் காற்று. அதை நசுக்கிவிட்டால், இரத்த ஓட்டத்தையும் நெருக்கிவிட்டால், எந்தக் கம்பளியாலும் பலனில்லை.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் முழங்கால் நோவென்று சொல்வதை விட்டுவிட்டேன். "வழுக்கும், கையைப் பிடியுங்கோ" என்று கேட்க வாய் வருகிறது. மேல்தோல் புதிதாகவே இருக்கும்போது அடி தேய்ந்து போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும், தூசு தட்டுவதற்கு முன், எல்லாருடைய பூட்ஸையும் கவிழ்த்துப் பார்க்கிறேன்.