அப்பாவின் கஞ்சில்

அப்பாவிடம் இருப்பது பெரோடுவா கஞ்சில். 1994-இல் வந்த ரகம். 2009-இல் உற்பத்தி நின்றது. விற்கச் சொன்னால் கேட்கமாட்டார். ஆனால் மீட்டர் மங்கலாகத் தெரிகிறதென்று இரவில் ஓட்டுவதையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு, காரிலுள்ள வயர்களை மல்டிமீட்டரால் சோதித்துக் குறித்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். மீட்டருக்கு எல்இடி பல்புகள். எரியாவிட்டால் திருப்பிப் போட்டால் போதும். கேசட் வானொலிக்குப் பதில் புளூடூத் வானொலி. அதன் மஞ்சள் வயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைப்பது அதுதான். சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம். கறுப்பு எர்த்.

வெள்ளிக்கிழமை இரவு அம்மாவைக் கோயிலுக்கு அவரே அழைத்துப் போனார். மறுநாள் என் காலை நிகழ்ச்சியைக் காரில் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இப்பதான் தெளிவா கேக்குது. கொஞ்சம் மெதுவா பேசும்மா.”