சிவப்புத் துணி குசினிக்கு இல்லை

அம்மம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு மூன்று கிழமை இருக்கேக்கை, லண்டனிலிருந்து சித்தி அனுப்பின பெட்டி வந்து சேர்ந்தது. சிப்பிங்கில் பெட்டி வருவதென்றால் எங்கட வீட்டில் சின்னத் திருவிழாதான். தம்பிக்குச் சொக்லேற், அம்மாவுக்குச் சவர்க்காரமும் துவாயும், அப்பாவின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து. இந்த முறை எல்லாவற்றுக்கும் அடியில், துவாயால் சுற்றி, மூக்குப்பேணி மாதிரி மூக்கு நீண்ட ஒரு மிசின் கிடந்தது. கூடவே நாலு கட்டுத் துணி: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

தம்பி பெட்டியில் இருந்ததை வாசித்தான். "ஸ்ரீம் கிளீனர்."

"ஆவி பிடிக்கிற மிசினோ?" என்றா அம்மா. கொரோனா நேரம் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்த ஞாபகம் அவவுக்கு.

"இது வீட்டுக்கு ஆவி பிடிக்கிறது அம்மா."

எல்லாரும் சிரித்தோம். அம்மம்மா இல்லாத வீட்டில் அப்படிச் சிரித்து கனநாள்.

சித்தி அதை அனுப்பினதுக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு முட்டு இருக்கிறது. திவசம், பொங்கல், வருசம் எது வந்தாலும் பாத்றூமை ஆசிட்டும் பிளீச்சும் ஊற்றித்தான் கழுவுவா. சிலவேளை இரண்டையும் ஒன்றாகவே ஊற்றிவிடுவா. அது எவ்வளவு ஆபத்தென்று எனக்கே பிந்தித்தான் தெரியும். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பூட்டின பாத்றூமுக்குள் அதைச் சுவாசித்தால் சுகதேகிக்கே நெஞ்சடைக்கும், முட்டுக்காரரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற நீங்கள் உங்கட அம்மாவிடமும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீம் கிளீனருக்குத் தண்ணியைத் தவிர வேறொன்றும் தேவையில்லை.

ஆனால் அந்தத் தண்ணியிலேயே முதல் பிரச்சினை வந்தது. நான் கிணற்றுத் தண்ணியை ஊற்றப் போக, சித்தி வீடியோ கோலில் கத்தினா. "எங்கட கிணத்துத் தண்ணியை விடாதை பிள்ளை! கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியுமெல்லே, அது இதுக்குள்ள அடைச்சுப் போடும்." யாழ்ப்பாணத்தின் நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதிலே கரைந்து வருகிற சுண்ணாம்பு, தண்ணி கொதிக்கும்போது பிரிந்து படியும். மிசினின் மூக்குத் துளையோ ஊசிமுனை அளவுதான். ஆகவே கடையில் காசுக்கு வாங்குகிற ஃபில்ரர் தண்ணி.

இரண்டாவது பிரச்சினை கறன்ற். மிசின் 1500 வாட். ஏ.எல்.லுக்குப் பௌதிகம் படிக்கிற தம்பி உடனே கணக்குப் போட்டான். 1500ஐ 230ஆல் பிரித்தால் ஆறரை அம்பியர். எங்கட வீட்டில் அநேகமான பிளக் எல்லாம் பழைய 5 அம்பியர். கடைசியில் தண்ணி மோட்டருக்குப் போட்ட 15 அம்பியர் பிளக்கிலிருந்து வயர் இழுத்தோம்.

மிசின் வேலை செய்வது சிம்பிள். உள்ளே ஒரு சின்னக் கொதிகலன். கால் லீற்றர் தண்ணி பிடிக்கும். மூன்று நாலு நிமிடத்தில் கொதித்து அமுக்கம் ஏறும். விசையை அமத்தினால் மூக்கால் ஆவி சீறும். முதல் சீறலில் ஆவியை விடத் தண்ணிதான் கூட வரும், அதைப் பழந்துணியில் அடித்து விட வேண்டும். தண்ணி முடிந்ததென்று உடனே மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே மிச்ச அமுக்கம் முகத்தில் அடிக்கும். ஆவி வருவது முழுக்க நின்று, மிசின் ஆறின பிறகுதான் மெல்ல மெல்லத் திருக வேண்டும். இதெல்லாம் சித்தி வரிசையாகச் சொன்னா. பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்ததை விடத் தெளிவாகச் சொன்னா.

"ஒரு கையில மிசின், மற்றக் கையில துணி. ஆவி ஊத்தையை எடுக்காது பிள்ளை, இளக்கித்தான் விடும். எடுக்கிறது துணிதான். சூடு ஆற முதல் துடைக்காட்டி அது திரும்பவும் ஒட்டிப் போடும்."

காஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்த மாபிளில், பொரியல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மஞ்சள் பிசினாய்க் கிடந்தது. ஆவி பட்டதும் அது உருகி வழிந்த வடிவைப் பார்க்க வேண்டும். அம்மா வாயில் கை வைத்தா. நான் கைக்கு எட்டின துணியை எடுத்துத் துடைத்தேன்.

"சிவப்பு இல்லை!" ஃபோனுக்குள்ளிருந்து சித்தியின் குரல் வெடித்தது. "சிவப்பைக் குசினிக்கு எடுக்காதை. சிவப்பு ரொயிலற்றுக்கு. குசினிக்குப் பச்சை. நீலம் மேசை, கதவுப்பிடிக்கு. மஞ்சள் கைகழுவுற பேசினுக்கு."

"புதுத் துணிதானே சித்தி?"

"இண்டைக்குப் புதுசு. நாளைக்கு ஆர் எங்க துடைச்சதெண்டு ஆருக்குத் தெரியும்?"

பிறகு துணி மடிக்கப் பழக்கினா. பாதியாய் மடித்து, திரும்பவும் பாதியாய் மடித்தால் துணிக்கு எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் ஊத்தையானால் அடுத்த பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். எட்டும் முடியும் வரை அலசப் போகத் தேவையில்லை. கமராவுக்கு முன்னால் ஒரு துவாயை வைத்து மடித்துக் காட்டினா. அவவின் கை அந்தத் துவாயைப் பார்க்கவே இல்லை. எங்கட அம்மா தோசை சுடுகிற கை மாதிரி, அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது இரவு, படுக்கையில் ஃபோனை நோண்டும்போது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்ற அந்த நிறப் பிரிப்பு பிரித்தானியாவில் துப்பரவு வேலை செய்கிறவர்கள் பாவிக்கிற ஒழுங்கு. வீடுகளில் ஆரும் அப்படிப் பிரிப்பதில்லை.

சித்தி போகேக்கை எனக்கு மூன்று வயது. இங்கே முன்பள்ளி ரீச்சராய் இருந்தவ. அங்கே "ஒஃபிஸில வேலை" என்று மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும். "என்ர கடைசி லண்டனில ஒஃபிஸில" என்று அம்மம்மா கோயில் வீதியில் சொல்லாத ஆள் இல்லை. வீட்டுக் கூரை மாத்தினது, என்ர கம்பஸ் போடிங் காசு, தம்பியின் ரியூசன் எல்லாம் அந்த ஒஃபிஸிலிருந்துதான். அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு அவவுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் பார்த்தா.

அடுத்த நாள் நான் ஒரு பிழை விட்டேன். மிசின் கையில் இருந்தால் உலகமே ஊத்தையாய்த் தெரியும். விறாந்தையின் சிவப்புச் சீமெந்து நிலத்திலும் ஆவியை அடித்தேன். அது அம்மம்மாவின் நிலம். பொலிஷ் பூசி, பாதியாய் வெட்டின தேங்காய் மட்டையைக் காலுக்குக் கீழே வைத்து, யன்னலைப் பிடித்தபடி ஆடி ஆடித் தேய்ப்பா. ஆவி பட்ட இடமெல்லாம் பொலிஷ் இளகி, வெளிறின திட்டுகள் விழுந்தன. அம்மா ஏசவில்லை. குந்தியிருந்து ஒரு திட்டைக் கையால் தடவினா. ஏசியிருக்கலாம் என்று பட்டது.

சித்தி எடுத்தபோது சொன்னேன். "மெழுகுக்கு ஆவி ஆகாது பிள்ளை. மரத்துக்கும் ஆகாது, சுண்ணாம்பு அடிச்ச சுவருக்கும் ஆகாது. எதெண்டாலும் முதல் ஒரு மூலையில அடிச்சுப் பாக்கோணும். எனக்கும் ஆரும் சொல்லித் தரேல்லை. முதல் கிழமையே ஒரு மரமேசையைப் பழுதாக்கிப்போட்டு, வேலை போகப் போகுதெண்டு அழுதனான்."

"ஆற்ர மேசை சித்தி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் விட்டுவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஒஃபிஸ் மேசைதான்" என்றா. பிறகு சிரித்தா. "ஒஃபிஸில வேலை எண்டுதானே சொன்னனான். அதில பொய் இல்லையே."

விடிய ஐந்து மணிக்குத் தொடங்குகிற வேலை. இரண்டு மாடி, மேசைகள், குசினி, பதினொரு ரொயிலற். எட்டு மணிக்கு ஆக்கள் வர முதல் போய்விட வேண்டும். பின்னேரம் வேறொரு கட்டடம். "அங்க வேலை செய்யிற ஆக்களுக்கு என்ர முகம் தெரியாது. மேசை மட்டும் பளபளக்கும்."

நான் கலைப்பீடத்தில் சமூகவியல் படிக்கிறேன். போன செமஸ்ரர்தான் கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன். அதை எழுத இருந்த போடிங் அறைக்கு வாடகை கட்டியது ஆரென்று அதில் ஒரு வரியும் இல்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். சொன்னபோது அவ அரிசி கொழித்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும். அவள் பத்து மணிக்கு பஸ்ஸில இருந்துதானே கதைக்கிறவள். இப்ப அங்க மாரி, ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு. நாலரைக்கு எந்த ஒஃபிஸ் திறக்கும்?"

லண்டன் நேரம் எல்லாருக்கும் கணக்குப் பார்த்துச் சொல்கிற ஆள் நான்தான்.

"ஏன் கேக்கேல்லை?"

"அவள் சொல்லாததை நான் ஏன் கேக்கோணும்? அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா அவ தாங்கியிருக்க மாட்டா."

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எல்லாரும் சித்திக்காக இரங்கிவிட்டுப் போகலாம். ஆனால் அம்மம்மா ஏன் தாங்கியிருக்க மாட்டா? அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் துடைத்தவள்.

எங்கட ரொயிலற் குழி நிறைந்தால் துப்பரவாக்க ஒரு ஐயா வருவார். அம்மம்மா அவருக்குத் தேத்தண்ணி குடுப்பா. நல்ல சாயம், நிறையச் சீனி. ஆனால் தனிக் கோப்பையில். கைபிடி உடைந்த அந்தக் கோப்பை குசினிக்குப் பின்னால், வெளிச்சுவரில் கவிழ்ந்திருக்கும். எங்கட ஊரில் அந்த வேலை சாதியோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. சித்தி பதினைந்து வருசத்துக்கு மேலாய் மறைத்தது வேலையை மட்டும் இல்லை. அந்தக் கோப்பை தன்னிடம் திரும்பி வந்துவிடும் என்ற பயத்தையும்தான். கடைசி மகள் லண்டனில் ரொயிலற் கழுவின காசில் வாங்கின சீனியைத்தான் அம்மம்மா அந்தக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கியிருக்கிறா.

துணிக்கு நிறம் பிரிப்பதற்குக் காரணம் கிருமி. கோப்பை பிரிப்பதற்கு என்ன காரணம்?

அம்மம்மா என்னில் உயிராய் இருந்தவ. இதை எழுதவும் கை கூசுகிறது. ஆனாலும் அந்தக் கோப்பையை நானும் எத்தனையோ தரம் எடுத்துக் குடுத்திருக்கிறேன். பாத்துக்கொண்டு நிண்டனான் என்றுகூடச் சொல்ல ஏலாது.

திவசத்துக்கு முதல் நாள் கோப்பையை உள்ளே கொண்டு வந்து, ஆவி அடித்து, பச்சைத் துணியால் துடைத்து, மற்றக் கோப்பைகளோடு வைத்தேன். அம்மா கண்டா. ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்துப் பாவிக்கவும் இல்லை. குழி திரும்ப நிறையும்போது அந்த ஐயா வருவார். அப்போது நான் கம்பஸில் இருப்பேன். அம்மா எந்தக் கோப்பையை எடுப்பா என்று எனக்குத் தெரியாது.

விறாந்தைத் திட்டுகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த லீவில் பொலிஷும் தேங்காய் மட்டையும் எடுக்க வேண்டும்.

இதை எழுதி முடித்துச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒருக்கால் மூக்கை உறிஞ்சினா. வாசித்து முடியக் கேட்டேன், "போடவோ சித்தி?"

"போடு. என்ர பேரைப் போடாதை" என்றா. பிறகு, "துணி மடிக்கிறதை மட்டும் இன்னும் வடிவா விளங்கப்படுத்து. கனபேர் அதைப் பிழையாத்தான் செய்யினம்."