‘க்ளிக்’ சத்தத்தின் சொந்த ஊர்!

கென்டகி என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது வறுத்த கோழிதான். அந்தக் கோழிக்கடையின் பூர்விகம் கார்பின் என்ற சிற்றூர். அங்கிருந்து வடக்கே காரில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் லெக்சிங்டன். அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் இரண்டாவது பெரிய நகரம். ‘உலகின் குதிரைத் தலைநகரம்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் ஊர்.

அதில் மிகை அதிகம் இல்லை. நகரத்தின் எல்லை தாண்டியதும் பச்சைப் புல்வெளி, மரப்பலகை வேலி, உள்ளே பளபளவென்று குதிரைகள். தரைக்கடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அந்த மண்ணில் முளைக்கும் புல்லைத் தின்பதால்தான் குதிரைகளுக்கு எலும்பு பலமாக இருக்கிறது என்பார்கள் ஊர்க்காரர்கள். 1936-ல் தொடங்கிய கீன்லேண்ட் பந்தயத் திடலில் குதிரை ஏலம் நடக்கும்போது உலகப் பணக்காரர்கள் வந்து இறங்குவார்கள்.

ஆனால், இந்த ஊரிலிருந்து இன்னொரு பொருளும் உலகம் முழுக்கப் போனது. அதற்கு நாலு கால் இல்லை; நூற்றொரு கீ. ஐ.பி.எம். ‘மாடல் எம்’ கீபோர்டு!

குதிரையும் புகையிலையுமாக இருந்த லெக்சிங்டனுக்கு 1950-களின் பிற்பாதியில் ஐ.பி.எம். வந்தது. எலெக்ட்ரிக் டைப்ரைட்டர் செய்வதற்காகப் பெரிய தொழிற்சாலை கட்டியது. 1961-ல் வெளிவந்த புகழ்பெற்ற ‘செலக்ட்ரிக்’ டைப்ரைட்டர் இந்த ஊர்ச் சரக்குதான். எழுத்துகள் எல்லாம் ஒரு சின்னப் பந்தின் மேல் இருக்கும். தட்டத் தட்ட அந்தப் பந்து சுழன்று சுழன்று அடிக்கும். இப்படி டைப்ரைட்டரிலேயே ஊறிய ஊர் என்பதால், தட்டச்சு செய்பவரின் விரலுக்கு என்ன வேண்டும் என்பது இங்கே தெரிந்திருந்தது. கீயை அழுத்தினால், ‘எழுத்து விழுந்துவிட்டது’ என்று விரலுக்கும் தெரிய வேண்டும், காதுக்கும் தெரிய வேண்டும். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலைக் கடந்து போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டருக்கு அந்த உணர்வைக் கொண்டுவந்தது ஒரு சின்ன ஸ்பிரிங். ஐ.பி.எம். பொறியாளர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் இதற்கு 1978-ல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு குழாய், அதற்குள் செங்குத்தாக நிற்கும் ஸ்பிரிங். கீயை அழுத்தினால் ஸ்பிரிங் கொஞ்ச தூரம் பொறுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் ‘படக்’கென்று பக்கவாட்டில் வளைந்து குழாயில் மோதும். அதுதான் அந்தச் சத்தம். அதே நொடியில் ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் குட்டிச் சுத்தியல் சாய்ந்து, கீழே உள்ள மின் ஏட்டை அழுத்தும். எழுத்து திரைக்குப் போகும். சத்தமும் எழுத்தும் ஒரே நேரத்தில். சும்மா ஒப்புக்குச் சத்தம் போடும் கீபோர்டுகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி-யோடு வந்தது இதன் அண்ணன், ‘மாடல் எஃப்’. 83 கீ. தரத்தில் தம்பியைவிட ஒரு படி உசத்தி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால், தயாரிப்புச் செலவு அதிகம். அதைக் குறைத்து 1985-ல் சந்தைக்கு வந்ததுதான் 101 கீ கொண்ட மாடல் எம். மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை, வலது ஓரத்தில் எண்கள், நடுவில் அம்புக்குறிகள் என்று இன்று உங்கள் அலுவலக மேஜையில் இருக்கும் கீபோர்டின் ஜாதகம் எழுதப்பட்டது அப்போதுதான். விண்டோஸ் கீ மட்டும் இருக்காது. அது பத்து வருஷம் கழித்து வந்த விருந்தாளி.

இரும்புத் தகடு வைத்த இந்தக் கீபோர்டு இரண்டு கிலோவுக்கு மேல் எடை. கீயின் எழுத்துகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே சாயமாக இறங்கியவை என்பதால், முப்பது வருஷம் தட்டினாலும் அழியாது.

இந்தக் குடும்பத்தில் உறுப்பினர்கள் நிறைய. எண்கள் பகுதியை வெட்டிவிட்ட குட்டி வடிவம் ஒன்று. மேஜையில் இடம் இல்லாதவர்களுக்கு. தொழிற்சாலைகளுக்காக, அழுக்கு தெரியாத சாம்பல் நிறத்தில் ஒன்று. பெரிய கணினிகளின் முனையங்களுக்கு 122 கீ கொண்ட பூதம் ஒன்று. ‘போர்க்கப்பல்’ என்று செல்லப்பெயர். நடுவே சிவப்புக் குமிழ் வைத்து மவுஸ் வேலையையும் பார்த்த ‘எம்13’. எல்லாவற்றிலும் விசித்திரம் ‘எம்15’: இரண்டு பாதியாகப் பிரித்துக் கைக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம். குறைவாகவே விற்றது. அதனாலேயே இன்று சேகரிப்பாளர்கள் அதற்கு ஏங்குகிறார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் விலை சரிந்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் மொட்டு வைத்த மலிவுக் கீபோர்டுகள் குவிந்தன. 1991-ல் ஐ.பி.எம். இந்தத் தொழிற்சாலையைப் பிரித்து விற்றது; ‘லெக்ஸ்மார்க்’ நிறுவனம் பிறந்தது. பிரின்டரில் கவனம் வைத்த லெக்ஸ்மார்க், 1996-ல் கீபோர்டு தொழிலையே விட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் சேர்ந்து, அச்சுகளையும் இயந்திரங்களையும் உரிமையையும் வாங்கி, அதே ஊரில் அதே வருஷம் ‘யூனிகாம்ப்’ என்று ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பித்தார்கள். அதே ஸ்பிரிங், அதே சத்தம். இன்றும் நூறு டாலருக்கு மேல் விலை வைத்து விற்கிறார்கள். உதிரி பாகமும் கிடைக்கும்.

அவர்களுடைய சிக்கல் வேடிக்கையானது. வாங்கியவர் திரும்ப வருவதில்லை! முப்பது வருஷம் உழைக்கும் பொருளை விற்றால் அடுத்த வியாபாரம் எப்போது நடக்கும்? இன்னொரு சிக்கலில் வேடிக்கை இல்லை. ஐ.பி.எம். காலத்து அச்சுகள் தேய்ந்து, மேல்மூடியின் விளிம்புகள் சரியாகப் பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர்களே குறைசொல்லத் தொடங்கினார்கள். புதிய அச்சு செய்வது சின்ன நிறுவனத்துக்குப் பெரிய செலவு. போட்ட பணம் வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இருந்தும் செய்தார்கள். அதில் பிறந்த புதிய மாடல் எம்மும், குட்டி வடிவமான ‘மினி எம்’மும் 2020, 2021 வாக்கில் வெளிவந்தன.

ஐரோப்பாவுக்கான மாடல் எம் ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில் தயாரானது. நீராவி எஞ்ஜின் புகழ் ஜேம்ஸ் வாட் பிறந்த ஊர். தொழிலாளர்கள் வந்து போவதற்காகவே 1978-ல் அங்கே ஒரு ரயில் நிலையம் திறந்தார்கள். பெயரே ‘ஐ.பி.எம்.’ தொழிற்சாலை போனது, கட்டடங்களை இடித்தார்கள். 2018 டிசம்பரோடு ரயில் நிற்பதும் நின்றுபோனது. கிளாஸ்கோவிலிருந்து வெமிஸ் பே போகும் ரயில்கள் அந்த நடைமேடையைத் தாண்டி ஓடிவிடுகின்றன. லெக்சிங்டனுக்கும் இதே கதி வந்திருக்கலாம்.

லெக்சிங்டன் போகிறவர்கள் ஏப்ரல் அல்லது அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். கீன்லேண்டில் பந்தயம் நடக்கும் மாதங்கள். ஊரின் விமான நிலையம் பந்தயத் திடலுக்கு எதிரிலேயே இருக்கிறது. சின்சினாட்டி விமான நிலையத்தில் இறங்கியும் சாலை வழியே வரலாம். பெயர்தான் சின்சினாட்டி, நிலையம் இருப்பது கென்டகியில். மெயின் ஸ்ட்ரீட்டில் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி டாட் வளர்ந்த வீடு காட்சியகமாக இருக்கிறது.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் பழைய அலுவலகச் சாமான் கடையில் கனமான, பழுப்பேறிய கீபோர்டு கண்ணில் பட்டால் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். முகப்பில் வெள்ளி நிறச் சதுர முத்திரை இருந்தால் மூத்தது. நீள்வட்டம் என்றால் பின்னால் வந்தது. குலுக்கும்போது உள்ளே கலகலவென்று ஏதாவது உருண்டால், தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். இந்தக் குடும்பத்தின் பரம்பரை நோய் அது. பொறுமை இருப்பவர்கள் அந்த இடங்களில் துளையிட்டு, குட்டி போல்ட்டு நட்டு போட்டு முடுக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடும்.