பெரிய பிரேக் மாட்டிய கதை

கோவென்ட்ரியில் வேலை பார்த்தபோது பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று வாங்கினேன். மெட்ராஸில் ஓடிய நம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பாகங்களை வைத்து உருவான ஸ்போர்ட்ஸ் கார் அது. அப்பா ஓட்டியது ஹெரால்ட், அந்தப் பாசம்தான்.

முன்சக்கரத்தில் 9 அங்குல டிஸ்க். நீண்ட இறக்கங்களில் அது போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதே குடும்பத்தில் ஜிடி6 என்ற 6 சிலிண்டர் காருக்கு 9.7 அங்குல டிஸ்க். டிஸ்க் பெரிதானால் அதே அழுத்தத்துக்குப் பிடிப்பு கூடும், சூடும் மெதுவாகவே ஏறும்.

ஆனால் டிஸ்க்கை மட்டும் மாற்ற முடியாது. ஜிடி6-இன் ஸ்டப் ஆக்சில் தடிமன், பேரிங்கும் பெரிது. எனவே ஹப், காலிப்பர், அவற்றைத் தாங்கும் இரும்புக்கை எல்லாம் சேர்த்து, பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் வாங்கி வந்து மாட்டினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். பெரிய காலிப்பருக்கு பிரேக் ஆயில் அதிகம் தள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டரோ பழையது. முதல் நாள் சிக்னலில் மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் வண்டி பிடித்தது. முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழம்தான் மிச்சம்.

பக்கத்தில் இருந்த என் மனைவி, "வீட்டுக்கு மெதுவாப் போங்க" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். பெடல் கெட்டியாகிவிட்டது. அவள்தான் ஆறு மாதம் அதில் ஏறவில்லை.

பழைய காருக்கு வேறு காரின் பிரேக் மாட்ட நினைக்கும் நண்பர்களே, கணக்கைப் பெடலிலிருந்து தொடங்குங்கள்.