சாவிப் படம்

அம்மா கடைசிவரை வீடியோக் கோலை விளங்கிக்கொள்ளவில்லை. போனில் என்னுடைய முகம் தெரியும் என்று அண்ணி எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும், என் குரல் கேட்டவுடன் போனைத் தூக்கிக் காதில் வைத்துவிடுவா. வெள்ளிக்கிழமைகளில் அல் கூஸில் கட்டிலில் இருந்தபடி நான் பார்த்ததெல்லாம் அம்மாவின் ஒரு காதையும் தோட்டையும் கொஞ்சம் நரைத்த மயிரையும்தான். "முகத்தைக் காட்டுங்கோ அம்மா" என்றால், "நீ சாப்பிட்டனியே, அதை முதல்ல சொல்லு" என்பா.

அந்தக் காதைப் பார்ப்பதற்கும் கள்ளவழி தேவைப்பட்டது. அந்த வருஷங்களில் எமிரேற்ஸில் வட்சப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. 2018 இல் அனுமதி பெற்ற இரண்டு செயலிகள் வந்தன. மாதம் 50 திர்ஹம். அந்தக் காசுக்கு ஒரு கிழமைச் சமையல் சாமான் வாங்கலாம். அதோடு ஊரிலும் அதே செயலியைப் போட்டிருக்கவேண்டும். பச்சை நிறப் பொத்தானை மட்டும் அடையாளம் தெரிந்த அம்மாவிடம் இன்னொன்றைப் பழக்குவது நடக்காத காரியம். ஆகவே காம்பில் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். காசில்லாத வீ.பி.என். ஒன்றைப் போனில் இறக்கினேன்.

அல் கூஸைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துபாயின் படங்களில் வருகிற ஷேக் சயித் வீதிக்கும் அல் கைல் வீதிக்கும் இடையில் இருக்கிறது அது. கராஜ்கள், அலுமினிய வேலைத்தலங்கள், களஞ்சியங்கள், அவற்றுக்குப் பின்னால் எங்கள் காம்புகள். அந்த வருஷங்களில் வெள்ளி காலையில் வெறும் மண் நிலமெல்லாம் கிரிக்கெற். 2008 இல் தொடங்கிய அல்செர்கால் அவெனியூ என்ற ஓவியக் கூடங்களும் அங்கேதான். ஆறு வருஷம் அதன் வாசலால் பஸ்ஸில் போனேன், உள்ளே போகவில்லை.

அறையில் நாங்கள் எட்டுப் பேர். ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் எனக்குக் கீழ்க்கட்டில். வயதில் மூத்தவர், ஏசி மெக்கானிக். எங்கள் வீ.பி.என். வைத்தியரும் அவர்தான். ஊர் ரீவி செயலியில் படம் வராவிட்டால் போன் அவரிடம் போகும். ஏசி திருத்துகிற மாதிரியே இதையும் ஒழுங்காகச் செய்வார். முதலில் எந்த நாட்டுக்கு ஊடாகப் போகிறது என்று பார்ப்பார். இந்தியாவுக்கு மாற்றியும் "உங்கள் நாட்டில் பார்க்க முடியாது" என்று வந்தால் செயலியின் பழைய ஞாபகத்தை அழிப்பார். பிறகு போனின் ஜிபிஎஸ்ஸை நிறுத்துவார். "நீ மதுரைன்னு சொல்லுவே தம்பி, அது துபாய்னு காட்டிக் கொடுத்துரும்" என்பார். ஒரே வீ.பி.என். முகவரியில் ஆயிரம் பேர் நுழைவதைக் கண்டு சில நிறுவனங்கள் அந்த முகவரியையே பூட்டிவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். காசில்லாமல் தருகிறவன் உன்னையே விற்றுத்தான் பிழைப்பான் என்றும் சொல்லியிருந்தார். கேட்டோம், ஆனாலும் பாவித்தோம்.

பயம் இல்லாமல் இல்லை. 2012 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தை 2016 இல் திருத்தியிருந்தார்கள். குற்றம் செய்யவோ, செய்த குற்றத்தை மறைக்கவோ வேறு இணைய முகவரியைப் பாவித்தால் சிறையும் தண்டமும், அல்லது இரண்டில் ஒன்று. தண்டம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்கி 20 லட்சம் வரை. கம்பனிகளும் வங்கிகளும் தங்கள் வேலைக்குப் பாவிக்கலாம் என்று அதிகாரசபை அப்போதே விளக்கம் சொன்னது. 2021 இல் வந்த புதிய சட்டத்திலும் அந்தத் தண்டம் இருக்கிறது. தாயின் காதைப் பார்ப்பவன் இதில் எந்தப் பக்கம் என்று எங்கள் அறையில் ஒருவருக்கும் தெரியாது. என் சம்பளம் அப்போது 1,000 திர்ஹம். 5 லட்சத்தைக் கட்டி முடிக்க, ஒரு பிளேன்ரீயும் குடிக்காமல், 500 மாதம். 41 வருஷமும் எட்டு மாதமும்.

இந்தக் கள்ள வேலை எனக்குப் புதிது இல்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. பற்றரி கொண்டுவரத் தடை. எங்கள் வீட்டுத் திண்ணையில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்து அப்பா தமிழோசை கேட்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. எனக்கு அப்போது ஆறு ஏழு வயது. வேகமாகச் சுற்றினால் ரேடியோ கீச்சிடும், மெதுவானால் லண்டன் செத்துப்போகும். அம்மா வேப்பமரத்தில் கட்டிய ஏரியல் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பா. "ஒரே சீராச் சுத்து ராசா" என்பா. அம்மா ஒரு இஞ்சி நகர்ந்தாலும் குரல் மாறும். செய்தி முடியும்வரை அப்படியே நிற்பா.

2020 யூலையில் அம்மா செத்துப்போனா.

தாய்க்குக் கொள்ளி இளைய மகன். நான்தான் இளையவன். கொரோனாவினால் மார்ச்சிலேயே கட்டுநாயக்காவைப் பூட்டிவிட்டார்கள். அரசாங்கம் ஏற்பாடு செய்கிற விமானத்தில் இடம் கிடைத்தால்தான் போகலாம், போனாலும் 14 நாள் தனிமைப்படுத்தல். அண்ணை கோல் எடுத்து, "என்ன செய்யிறது, நான் வைக்கிறன். நேரலைக்கு ஸ்ரூடியோக்காரனுக்குச் சொல்லியிருக்கு, நீ பார்" என்றார்.

வெள்ளிக்கிழமை. ஊரில் பத்து மணிக்குக் கிரியை, எங்களுக்கு எட்டரை. அறையில் எல்லோரும் எழும்பி, ரேடியோ பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, என் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். லிங்கை அமத்தினேன். பந்தல் தெரிந்தது. மேளம் கேட்டது. ஐயர் தர்ப்பையை எடுத்தார். அதோடு படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. திரும்ப வந்தபோது அண்ணை ஈரவேட்டியோடு நின்றார். மறுபடி வட்டம். ஒருவர் வைபையை மாற்றச் சொன்னார், ஒருவர் தன் போனின் டேற்றாவைத் தந்தார், நான் போனை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். வீ.பி.என்னில் சிங்கப்பூரை மாற்றி ஒல்லாந்தைப் போட்டேன். இன்னும் மோசம்.

ராமநாதபுரத்து அண்ணன் குளித்துவிட்டு அப்போதுதான் வந்தார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மேல சாவிப் படம் நிக்குது பாரு. அத மொதல்ல அணை."

அணைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

யூரியூப்புக்கு எமிரேற்ஸில் பூட்டே இல்லை. சும்மா திறந்தால் பக்கத்திலிருந்தே படம் வந்திருக்கும். அம்மாவின் செத்தவீட்டை நான் ஒல்லாந்துக்கு அனுப்பி, அங்கே நெரிசலில் நிற்கிற ஆயிரம் பேருக்குப் பின்னால் வரிசையில் விட்டு, அல் கூஸுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். நேரலை உங்களுக்காகக் காத்திராது. பிந்தினால் இடையில் உள்ளதை விட்டுவிட்டு நடப்புக்குப் பாய்ந்துவிடும். வட்சப் கோலுக்காக எப்போதும் போட்டு வைத்த பழக்கம், அதை நிறுத்தவும் இருக்கிறது என்பதே அன்றைக்கு மூளையில் இல்லை.

படம் தெளிந்தபோது பாடை ஒழுங்கையால் திரும்பிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அண்ணை கேட்டார்: "வடிவாப் பாத்தனியே?"

"ஓம் அண்ணை" என்றேன். ஏன் அப்படி அழுத்திக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு பதிவை முழுக்கப் பார்த்தேன், சாவிப் படம் இல்லாமல். வாய்க்கரிசி முடிந்து, மூடப்போகிற நேரம் பெரியம்மா கையை உயர்த்திக் கத்துகிறா. "கொஞ்சம் நில்லுங்கோ! துபாயிலை இருந்து பிள்ளை பாக்குது. கமெராவைக் கிட்டக் கொண்டுவாங்கோ." எல்லோரும் விலகுகிறார்கள். அண்ணை அம்மாவின் தலையை மெதுவாகத் தூக்கி, முகம் கமெராவுக்கு நேரே வரும்படி பிடிக்கிறார். மேளத்தையும் நிற்பாட்டிவிட்டார்கள். இரண்டு நிமிஷமும் சொச்சமும் ஒருவரும் அசையவில்லை.

அண்ணைக்கு நான் இதை இன்னும் சொல்லவில்லை.