தனித்து நிற்கும் ஒன்பதாம் எண்

ஹைதராபாத்தில் எங்கள் விடுதி மைதானத்தில் சென்ற மாதம் ஒரு மாலைப் பயிற்சி முடிந்ததும், முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி என்னருகே வந்து அமர்ந்தாள். பெண்கள் கால்பந்து அணியில் இப்போது அவள்தான் ஒற்றை ஸ்ட்ரைக்கர். நான்கு ஆட்டங்களாக ஒரு கோலும் இல்லை. “அக்கா, நான் விலகிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள்.

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. 2022இல் அதே இடத்தில் ஆடியவள் நான். ஐந்து ஆட்டங்கள்; கோல் ஏதுமில்லை. அடுத்த போட்டிக்கான பட்டியலில் என் பெயர் விடுபட்டபோது, அது நியாயம் என்றே நம்பினேன்.

4-2-3-1 அமைப்பில் நான்கு தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன்னே இருவர், அதற்கும் முன்னே மூவர், முனையில் ஒருத்தி. நடுக்களத்தில் ஆள்பலம் கூடுகிறது; அதற்கான விலையை முனையில் நிற்பவள் தருகிறாள். எதிரணியின் இரு சென்டர் பேக்குகளுக்கு நடுவே அவள் தனியாள். கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கி, பின்னாலிருந்து வரும் இடியைத் தாங்கி, துணைக்கு ஆள் வரும்வரை பந்தைக் காலடியில் காக்க வேண்டும்.

அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியப் பெண்கள் கோப்பையை விடுதியின் பொது அறையில் பார்த்தோம். இங்கிலாந்தின் பயிற்சியாளர் சரீனா வீக்மன் ஆறு ஆட்டங்களையும் அதே பதினொருவருடன் தொடங்கினார். முனையில் ஒன்பதாம் எண் அணிந்த எலன் ஒயிட். நாட்டுக்காக 52 கோல்கள் அடித்தவர். ஆனால் அந்தத் தொடரில் அவர் அடித்தவை இரண்டே. இரண்டும் நார்வேயை 8-0 என வென்ற ஒரே ஆட்டத்தில். வலப்பக்க விங்கர் பெத் மீட் ஆறு கோல்கள் அடித்தார். மாற்று ஆட்டக்காரராக வந்துவந்து அலெசியா ரூசோ நான்கு அடித்தார். எண்களை மட்டும் பார்ப்பவர் ஒயிட்டை வெளியே அமர்த்தியிருப்பார். வீக்மன் அவ்வாறு செய்யவில்லை.

ஜூலை 31. வெம்பிளியில் ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தைக் காண 87,192 பேர் திரண்டிருந்தனர். 56ஆம் நிமிடத்தில் ஒயிட்டும் ஃபிரான் கர்பியும் வெளியேற, ரூசோவும் எல்லா டூனும் வந்தனர். ஆறு நிமிடம் கழித்து, கெய்ரா வால்ஷ் தொலைவிலிருந்து அனுப்பிய பந்தைத் துரத்தித் தடுப்பு வரிசையைக் கடந்த டூன், கோல்காப்பாளரின் தலைக்கு மேலாக அதை வலைக்குள் தூக்கிவிட்டார். டூன் ஸ்ட்ரைக்கராக ஆடவில்லை. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், பத்தாம் இடத்தில் ஆடியவர். ஜெர்மனி சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், 110ஆம் நிமிடத்தில், குளோயி கெல்லி வெற்றி கோலை அடித்தார். இங்கே நள்ளிரவு. வென்ற கணத்தில் ஒயிட் களத்தில் இல்லை. அடுத்த மாதமே அவர் ஓய்வை அறிவித்தார்.

அன்றிரவு எனக்கு ஆறுதல் கிடைத்தது என்றுதான் எழுத விரும்புகிறேன். உண்மை அதுவன்று. கோல் அடிக்காதது என் குற்றமில்லை என்று புரிந்த கையோடு, ஒயிட் செய்த வேலையை நான் செய்யவில்லை என்பதும் புரிந்தது. நான் பந்துக்காகக் காத்து நின்றேன். அவருக்கோ, பந்து எதிரணியிடம் இருக்கும்போதே வேலை தொடங்கிவிடும்: தடுப்பாளர்களை விரட்டுவது, பக்கவாட்டில் ஓடி அவர்களைத் தம் பின்னால் இழுப்பது, அப்படித் திறந்த வெளியை மீட் போன்றோருக்கு விடுவது. இன்னொன்றும் உண்டு. எனக்கும் எங்கள் பத்தாம் இடத்தவளுக்கும் இடையே எப்போதும் முப்பது தப்படி தூரம் இருந்தது. அதை நானும் சொல்லவில்லை, வேறெவரும் சொல்லவில்லை.

ஆகவே அந்தத் தங்கையிடம், “ஒரே ஓர் ஆட்டம் பொறு” என்றேன். அடுத்த ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டருகே குறிப்பேட்டுடன் அமர்ந்து இரண்டை மட்டும் எண்ணினேன். இரு சென்டர் பேக்குகளும் அவள் பின்னால் போனது பதினொரு முறை. அவள் பந்தைக் காத்து நின்றபோது நம்மவர் எவரேனும் பத்துத் தப்படிக்குள் வந்து சேர்ந்தது இரண்டு முறை.

அந்த ஆட்டத்திலும் அவள் கோல் அடிக்கவில்லை. குறிப்பேட்டின் அந்தத் தாளைக் கிழித்து எடுத்தேன். அதை அவளிடம் தரவில்லை. பத்தாம் இடத்தில் ஆடுபவளிடம் கொடுத்தேன்.