திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு ஒஸ்கார்

ஒஸ்கார் விழாவை நேரலையில் பார்க்கிறனான் என்று சொன்னால் எங்கட செற்றுக்குள் ஒரு சிரிப்பு வரும். "அது அமெரிக்காக்காரன் தனக்குத் தானே குடுக்கிற பரிசு மச்சான், உனக்கென்ன அதில?" கேள்வி நியாயமானதுதான். வாக்குப் போடுகிறவர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள். பிரசாரத்துக்குக் காசு கொட்டுகிறவர்கள் ஸ்டூடியோக்காரர். எனக்குப் பிடித்த படங்களில் பாதி அந்தப் பட்டியலின் வாசலுக்கே போவதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருடத்தில் ஒருநாள் அலாரம் வைத்து எழும்புகிறேன்.

லொஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிறு பின்னேரம் என்றால் எங்களுக்குத் திங்கள் விடியக்காலமை. 2023இல் ஐந்தரைக்குத் தொடங்கினது, 2024இல் நாலரைக்கே. அறைக்குள் லைட் எரிவதைப் பார்த்து, தம்பி எழும்பிப் படிக்கிறான் என்று அம்மா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்த காலமும் உண்டு. (குடித்தேன். உண்மையைச் சொல்லவில்லை.)

யாருக்கு விருது என்பது காலையிலேயே பேஸ்புக்கில் வந்துவிடும். அதற்கு ஏன் நித்திரை முழிக்க வேண்டும்? எனக்கு வேண்டியது என்வலப்பைப் பிரிக்கிற அந்த ரெண்டு செக்கன். திரை ஐந்து பெட்டியாகப் பிரியும். பெயர் சொன்னதும் ஒரு ஆள் எழும்பும், மற்ற நாலு பேரும் சிரித்துக்கொண்டு கைதட்டுவார்கள். அந்த நாலு முகத்தையும்தான் நான் பார்க்கிறது. அந்த வருசத்தின் சிறந்த நடிப்பு பல தடவை அங்கேதான் இருக்கும்.

பிறகு மேடைப் பேச்சு. ஏறினவருக்கு ஒரு நிமிசமும் முழுதாக இல்லை, நேரம் போனால் இசையைப் போட்டு இறக்கிவிடுவார்கள். 2023இல் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' குறும் ஆவணப்படத்துக்குக் கிடைத்தபோது தயாரிப்பாளர் குனீத் மொங்கா வாய் திறக்க முதலே இசை தொடங்கிவிட்டது. தெப்பக்காடு யானை முகாமில் பொம்மனும் பெள்ளியும் தமிழில் கதைக்கிற படம் அது. எனக்குச் சரியான கோபம். 2020இல் நடந்தது வேற. 'பரசைட்' படக்குழு மேடையில் நிற்கும்போதே லைட்டைக் குறைத்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த நடிகர்கள் லைட்டைப் போடு என்று கத்தினார்கள். திரும்பப் போட்டார்கள். ஆங்கிலம் அல்லாத ஒரு படம் முதல் தடவையாகச் சிறந்த படமான இரவு அது.

இந்தப் பைத்தியம் எனக்குத் தொற்றினது 2009 பெப்ரவரியில். அன்று இரவு டிவியில் ஏ.ஆர். ரஹ்மான் ரெண்டு சிலையோடு நிற்கிறார், அந்த மேடையில் தமிழில் ஒரு வசனம் சொல்கிறார். அதே பாடல் பிரிவில் அவரோடு சேர்ந்து மாயா அருள்பிரகாசமும் இன்னொரு பாட்டுக்காகப் பரிந்துரைக்கப்பட்டிருந்தா. வீட்டில் ஒருவரும் பெரிதாகச் சந்தோசப்படவில்லை. அதற்கு முதல் போன செய்தி வன்னியைப் பற்றியது. பெரியம்மா குடும்பம் அங்கேதான். தொடர்பு இல்லாமல் போய்க் கன நாள். ரஹ்மான் என்றதும் நான் கத்தினேன். அப்பா திரும்பி ஒருக்காப் பார்த்தார், அவ்வளவுதான். கத்தினதை நினைத்து இன்றைக்கும் கூச்சமாக இருக்கும்.

பெரியம்மாவின் மகன், எங்கட அண்ணா, ரஹ்மான் வென்ற கதையைக் கேள்விப்பட்டது மாதங்கள் கழித்து, முகாமுக்குள் வந்த பிறகு. 2012இல் படகு ஏறி அவுஸ்திரேலியா போனார். அங்கிருந்து ஒருநாள் வட்ஸ்அப்பில், "நீயும் ஒஸ்கார் பாக்கிறனியோ?" என்று கேட்டார். அன்று தொடங்கினது எங்கட பந்தயம். பத்துப் பிரிவுக்கு ஆளுக்கு ஒரு பட்டியல் எழுதுவோம். அண்ணா தோற்றால் எனக்கு ரீலோட். நான் தோற்றால் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் வீடியோ கோல் பிடித்துக்கொடுக்க வேண்டும். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். 2017இல் 'லா லா லாண்ட்' என்று வாசித்து, அந்தக் குழு நன்றியும் சொல்லிக்கொண்டிருக்க, பிழையான என்வலப், உண்மையில் 'மூன்லைட்' என்று மாற்றினார்களே, அந்த ஒரு காட்டால் நான் பந்தயத்தில் வென்றேன். அது செல்லாது என்று அண்ணா இன்றுவரைக்கும் வாதாடுகிறார்.

2023க்கு வருகிறேன். துணை நடிகருக்கான விருது கீ ஹுய் குவானுக்கு. வியட்நாமில் பிறந்து, அகதியாக வெளிக்கிட்ட பிள்ளை. 'இந்தியானா ஜோன்ஸ்' ரெண்டாவது படத்தில் ஹரிசன் போர்ட்டோடு ஓடித் திரிகிற சின்னப் பொடியன் அவர்தான். அந்தப் படத்தை 1983இல் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அவர் இங்கே வந்து நடித்துவிட்டுப் போய்க் கொஞ்ச நாளில் ஜூலை வந்தது. வளர்ந்த பிறகு அவருக்குப் படங்கள் இல்லை, கன வருசம் கமராவுக்குப் பின்னால் வேலை செய்தார். அந்த மனுசன் அழுதுகொண்டு மேடையில் நின்று, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற 84 வயது அம்மாவைக் கூப்பிட்டார். தன் பயணம் ஒரு படகில் தொடங்கினது, அகதி முகாமில் ஒரு வருசம் இருந்தேன் என்றார். இதுதான் அமெரிக்கக் கனவு என்றார்.

நானும் அழுதேன். உடனே அண்ணாவுக்கு வரிசையாக இதயம் அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பத்து நிமிசத்துக்குப் பிறகுதான் வந்தது:

"நல்லாக் கதைச்சவர். ஒரு வருசத்தில வெளிய வந்திட்டார் என்ன."

அண்ணா இன்னும் பிரிட்ஜிங் விசாவில்தான் இருக்கிறார். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போகலாமா என்பது நிச்சயமில்லை. பெரியம்மாவை நேரில் பார்த்துப் பத்து வருசத்துக்கு மேல். எனக்கு இனித்த அதே பேச்சு அவருக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரே திரும்ப எழுதினார். "பிறேக் முடிஞ்சுது. அந்த வீடியோவை அம்மாவுக்கு ஒருக்காக் காட்டு."

அன்று பின்னேரம் போய்க் காட்டினேன். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் அந்த இடம் வந்ததும், "தாயைத்தானே கூப்பிடுறான்?" என்று பெரியம்மா கேட்டா.

அடுத்த வருசம் நான் சிறந்த நடிகைக்கு லில்லி கிளாட்ஸ்டன் என்று எழுதி வைத்திருந்தேன், எம்மா ஸ்டோன் கொண்டு போய்விட்டா. பந்தயம் தோல்வி. போனை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணாவிடம் சாப்பிட்டியோ, குளிரோ என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பெரியம்மா என் பக்கம் திரும்பினா.

"தாயைக் கூப்பிட்ட பொடியன் இந்த முறையும் வந்தவனோ?"

வந்தவர்தான். முந்திய வருசங்களில் வென்ற வேறு நாலு பேரோடு, அதே விருதைக் கொடுக்க மேடையில் நின்றார்.

"ஓம் பெரியம்மா, வந்தவர்" என்று போனுக்குள்ளிருந்து அண்ணாதான் முந்திச் சொன்னார்.